நாலாவது வருஷம்

"சமைக்கத் தெரியுமான்னு கேட்டா, ஹாஸ்டல்ல சாப்பிடத் தெரியும்னு சொல்லுது. நல்லாத்தான் வளத்திருக்கிய" என்று மாப்பிள்ளையின் அம்மா சுதாராணி சொன்னதும் வேல்ராஜுக்கு முகம் செத்துவிட்டது.

மகள் சத்யபிரியா தலையைக்கூடக் குனியவில்லை.

கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர் வேல்ராஜ். மகள் பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் மூன்று வருடம் முடித்துவிட்டாள். நாலாவது வருடமும் படித்தால்தான் ஆனர்ஸ் பட்டம். மூன்றோடு போதும் என்றார் அவர். முடியாது என்றாள் அவள். நான்கு நாள் அந்த வீட்டில் பேச்சு வார்த்தையே இல்லை. கடைசியில் வேல்ராஜ்தான் இறங்கி வந்தார்.

"இந்த இடம் அமைஞ்சா கல்யாணம். தட்டிப்போச்சுன்னா உன் காலேஜுக்குப் போ."

திங்கட்கிழமை கல்லூரியில் சேரக் கடைசி நாள். இன்று ஞாயிறு. பெண் பார்க்க வந்திருப்பதோ, ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலையின் முதலாளி சண்முகராஜ் குடும்பம். இந்தச் சம்பந்தத்தைத் தட்டிப்போக விடுவாரா வேல்ராஜ்? தட்டிவிட்டே தீருவது என்று அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அது என்ன படிப்பும்மா?" என்று கேட்டார் சண்முகராஜ்.

"இன்டர்டிசிப்ளினரி ஆனர்ஸ் மாமா. ஒரே பாடத்தப் பிடிச்சுக்கிட்டு இருக்காம வரலாறு, பொருளாதாரம், தத்துவம், மண்ணப் பத்தின படிப்பு எல்லாத்தையும் சேத்துப் படிக்கிறது."

சண்முகராஜ் சிரித்தார். "உங்கப்பா கடை மாதிரின்னு சொல்லு. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்."

"ஆமா மாமா. ஒண்ணையே நம்பி இருந்தா, லைட்டர் வந்த அன்னைக்கு முழிக்கணும்லா."

வேல்ராஜ் கையிலிருந்த காபி சட்டையில் சிந்தியது. தீப்பெட்டி ஆபீஸ்காரரிடம் லைட்டர் பேச்சை எடுத்தால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். ஆனால் சண்முகராஜ் இன்னும் பலமாகச் சிரித்தார். மாப்பிள்ளை அருண்பாண்டியனும் சிரித்தான்.

சுதாராணி மட்டும் சிரிக்கவில்லை. "நாலாவது வருஷம் என்ன படிப்ப?" என்றாள்.

"படிப்பு கம்மி அத்தை. ஆராய்ச்சிதான். கரிசல்ல பருத்தி போட்டுக்கிட்டிருந்த சனம் எப்படித் தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல வந்து நின்னுச்சுன்னு எழுதப் போறேன். அவிய வாயால கேட்டு எழுதணும்."

"எங்க ஆபீஸுக்கும் வருவியோ?"

"விட்டா வருவேன்."

"பைபிளும் பாடமா?"

"ஒரு பேப்பர் உண்டு. அதுலயே கீதையும் குரானும் உண்டு. மூணையும் வாசிச்சிட்டு வாதாடணும்."

"ஜெபம்?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்லுவாவ. முடியிற வரைக்கும் நான் சோத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

"போதும்ட்டி" என்று பல்லைக் கடித்தார் வேல்ராஜ்.

"விடுங்க அண்ணாச்சி" என்றார் சண்முகராஜ். "எனக்குத் தைரியமான பிள்ளதான் வேணும். நாளைக்கு ஆபீஸப் பாத்துக்கிட ஆள் வேண்டாமா? ஏலே, நீ என்ன சொல்லுத?"

"எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்றான் அருண்பாண்டியன்.

தட்டிவிடப் பேசிய பேச்சே சத்யபிரியாவைப் பிடித்துக்கொடுத்துவிட்டது.

"மாமா, என் படிப்பு?"

"அதுக்கென்ன, ஒரு வருஷம்தான? கல்யாணத்துக்கு அப்புறம் எங்க வீட்ல இருந்தே போயி படி. யாரு வேண்டாம்னா?" சண்முகராஜ் சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைத் திருகினார்.

வேல்ராஜ் கும்பிடவே செய்துவிட்டார். இப்படி ஒரு சம்பந்தி யாருக்கு வாய்க்கும்?

"எனக்குச் சம்மதம் இல்ல" என்றாள் சுதாராணி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பெரியவியள எதுத்துப் பேசத்தான் அந்த காலேஜ்ல சொல்லித் தந்திருக்காவ. இது நம்ம வீட்டுக்கு ஆகாது. என்னை மீறிச் செய்யணும்னா செய்யுங்க. நான் மணவறைக்கு வரமாட்டேன்."

தான் கேட்டது கிடைத்துவிட்டது. சத்யபிரியா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. அவமானமும் கோபமும் ஒன்றாக வந்தன.

"என்னைய வேண்டாம்னு சொல்லுங்க அத்தை, காலேஜச் சொல்லாதீங்க. அங்கன எதுத்துப் பேசச் சொல்லித் தரல. கேள்வி கேக்கச் சொல்லித் தந்தாவ. பதில் இல்லாதவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்."

"பாத்தியளா?" என்று கணவரிடம் கைநீட்டிக் காட்டினாள் சுதாராணி. "இதுக்கு மேல என்ன இருக்கு?"

சண்முகராஜ் மனைவியைச் சமாதானப்படுத்திப் பார்த்தார். அவள் மசியவில்லை. கடைசியில் வேல்ராஜின் கையைப் பிடித்து வருத்தம் சொல்லிவிட்டு, மகனோடு காரை நோக்கி நடந்தார். வேல்ராஜ் பேயறைந்தவர் மாதிரி பின்னாலேயே போனார்.

வீடு தேடி வந்த சுமங்கலியை வெறும் நெற்றியோடு அனுப்பக்கூடாது என்று குங்குமத் தட்டை மகள் கையில் திணித்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி அடுப்படிக்குள் போய்விட்டாள், அதுவரை கதவோரம் நின்றிருந்த அம்மா. சத்யபிரியா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தட்டை நீட்டினாள்.

சுதாராணி குங்குமத்தை எடுத்தாள். வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். குரல் தாழ்ந்தது.

"ஏட்டி, நாளைக்குக் காலையில முத பஸ்ஸுக்கே போயிச் சேந்திரு. எம் மவன் நல்லவன்தான். ஆனா ஒண்ணப் பிடிச்சிட்டா அப்பனும் மவனும் விடமாட்டாவ. நான் கெட்ட பேரு எடுத்தாத்தான் இந்தப் பேச்சு நிக்கும்."

சத்யபிரியா நிமிர்ந்தாள். "எதுக்கு அத்தை?"

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப எனக்கும் காலேஜ்ல ஒரு வருஷம் பாக்கி. கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கலாம்னு இவிய அன்னைக்கும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னாவ."