மந்திரித்த பொம்மைகள்

“வீட்ட ஒதுங்க வைக்கிறதுக்கும் இப்ப செல்போன்ல ஒருத்தி வந்து சொல்லித் தரணும்! ஒங்க ஆத்தாமாருக்கெல்லாம் எவ சொல்லிக் குடுத்தா?”

வாசலில் நின்று சலித்துக்கொண்டார் ஏசுரத்தினம்.

மருமகள் நிமி அதைக் காதில் வாங்கவில்லை. செல்போன் வீடியோவில் பார்த்தபடி, மகள் டின்சியின் அறையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். அறை என்றால், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் பின்பக்கம் பலகை அடித்துப் பிரித்த இடம். ஒரு கட்டில், ஒரு மேசை. மேசை இருப்பதே இன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது.

“மாமா, அவ தரையில குப்புறப் படுத்துத்தான் ஹோம்வொர்க் எழுதுறா. ஒரு வருசமா கையில எடுக்காததெல்லாம் பழைய சாமான் எடுக்குற ஆக்ரிக் கடைக்குப் போகுது. ஜோபி ஜீப்ப நிறுத்தி வச்சிருக்கான்.”

“ஆக்ரிக் கடைக்காரன நம்புறியா? நல்லதாப் பாத்து எடுத்து அவன் பிள்ளைக்குக் குடுத்துருவான்.”

“குடுக்கட்டும். அந்தப் பிள்ள எங்க படுத்து எழுதணுமோ, அது அவுக பாடு.”

ஒற்றைக் கண் கரடி, சக்கரம் போன லாரி, மூடி தொலைந்த டிபன் பெட்டி, மொட்டைத் தலைப் பொம்மை என்று ஒவ்வொன்றாகச் சாக்கில் விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும் கட்டிலில் இருந்த டின்சி விசும்பினாள். அவள் அந்த லாரிக்கும் பெயர் வைத்திருந்தாள், கரடிக்கும் பெயர் வைத்திருந்தாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து காய்ந்த குருத்தோலை ஒன்று வந்தது. கைவேகத்தில் நிமி அதையும் சாக்கில் போட்டாள்.

ஏசுரத்தினம் பாய்ந்து வந்து அதை வெளியே எடுத்தார்.

“கோயில்ல மந்திரிச்ச ஓலைய ஆக்ரிக் கடைக்கா அனுப்புற? மந்திரிச்சது எதையும் எறியவும் கூடாது, விக்கவும் கூடாது. வீட்டுல வச்சிருக்கணும். இல்ல, கோயில்ல குடுத்து எரிக்கணும். இதக்கூடச் சொல்லித் தராமலா ஒன்னக் கட்டிக் குடுத்தாங்க?”

“தப்புதான் மாமா. கவனிக்கல.” நிமி பயந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

டின்சி கட்டிலிலிருந்து துள்ளி இறங்கினாள். “அப்ப என் சாமானையும் எறியக் கூடாது. எல்லாம் மந்திரிச்சதுதான்!”

“எந்த ஃபாதர்டி வந்து கரடிய மந்திரிச்சாரு?” என்றாள் நிமி.

“நான்தான். போன தடவ தாத்தா இதச் சொன்னப்பவே, தாத்தாவோட வேளாங்கண்ணித் தீர்த்தத்த எடுத்து எல்லாத்து மேலயும் தெளிச்சிட்டேன்.”

நிமி மாமனாரைப் பார்த்தாள். அந்த வீட்டில் இந்த விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“தீர்த்தம் பட்டா மந்திரிச்சதுதான்,” என்றார் ஏசுரத்தினம். பிறகு கண்ணைச் சுருக்கினார். “ஆனா பட்டுச்சான்னு பாக்கணும். இப்ப உள்ள பிள்ளைக வாயத் தொறந்தா பொய்.”

போய்ப் பாட்டிலை எடுத்துவந்தார். மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் பாட்டில். கழுத்துவரை தண்ணீர் நின்றது.

“பாத்தியா? நெறைய இருக்கு. இவ தெளிச்சிருந்தா கொறைஞ்சிருக்கணும்ல?”

“நீங்க தெனமும் முட்டியில தேய்க்கிறீங்களே மாமா, அதுக்கும் கொறையலையே?”

“அது புதுமை, மாதா செய்ற அற்புதம்! ஈஸ்டர் வரைக்கும் இதத் தேய்ச்சும் நான் வாசப்படி தாண்டுனேனா? ஈஸ்டருக்குப் பொறவு தண்ணி கொறையவும் இல்ல, முட்டி வலிக்கவும் இல்ல. பஸ் நிக்குற எடம் வரைக்கும் மேட்டுல தனியா ஏறிப் போறேன். எனக்கு மாதா குடுக்குறா. இவ கரடிக்கும் லாரிக்குமா குடுப்பா? கட்டு சாக்க!”

வெளியே ஜோபி ஹாரன் அடித்தான். “நிமியக்கா, மழைக்கு முன்ன எறங்கணும்! சாக்கு வருதா, இல்ல தாத்தாவத்தான் ஏத்திட்டுப் போகவா?”

“ஒன் ஜீப்ப நம்பி எவன் ஏறுவான்?” என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார் ஏசுரத்தினம்.

நிமி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

டின்சி வாய்விட்டு அழுதாள். “பொய் இல்லம்மா! ஈஸ்டர் அன்னைக்கு முழுத் தீர்த்தத்தையும் தெளிச்சுத் தீத்துட்டேன். தாத்தா வைவாங்கன்னு நம்ம லயத்துக் கொழாயில புடிச்சு வச்சேன். கொறையக் கொறைய இப்பவும் நான்தான் ஊத்துறேன்!”

நிமி பாட்டிலைப் பார்த்தாள். மாமனாரின் முட்டியைப் பார்த்தாள். பிறகு சாக்கின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

“நீயும் நம்புறியா இவள? கொழாய்த் தண்ணியிலயா நான் இப்படி நடக்குறேன்?” என்று கத்திவிட்டு, விறுவிறுவென்று மேட்டில் ஏறிப் போனார் ஏசுரத்தினம்.