சாதனை படைத்த பந்து

அமெரிக்கக் கால்பந்து மைதானம் ஒன்றில் ஆட்டம் முடிய ஒரே ஓர் உதைதான் பாக்கி. இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலாகப் பந்து போனால் வெற்றி. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து அதுவரை யாரும் அடித்ததில்லை.

வீரர் ஓங்கி உதைத்தார். பந்து ஜோராகப் பறந்து வந்தது. கம்பத்தை நெருங்கும்போது அதற்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, முடியல. முன்னாடியே விழுந்துடுவேன் போலிருக்கு" என்றது குறுக்குக் கம்பியிடம்.

"பயப்படாத தம்பி. என் முதுகு மேல வந்து விழு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றது கம்பி.

பந்து 'டங்'கென்று மோதியது. கம்பி வலியைப் பொறுத்துக்கொண்டு அதை எம்பித் தள்ளியது. பந்து அந்தப் பக்கம் போய் விழுந்தது. மைதானமே எழுந்து ஆடியது. இன்னும் அதிர்ந்துகொண்டிருந்த கம்பியும் சேர்ந்து சிரித்தது.

சாதனைப் பந்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பக்கத்துப் பெட்டியிலிருந்த பழைய ஹெல்மெட் ஆசையாகக் கேட்டது: "அவ்வளவு தூரம் எப்படித் தம்பி போனே?"

"தூரமெல்லாம் ஒரு விஷயமே இல்லண்ணே" என்றது பந்து. "கடைசியில ஒரு கம்பி குறுக்கே வந்து நின்னுச்சு பாருங்க, அதைத் தாண்டுறதுதான் பெரும்பாடாப் போச்சு."