மலர்விழிக்கு மட்டும் வந்த நெடி

“ஏங்க, கரி தீயுற நெடி வருதே, உங்களுக்கு வரல?” மலர்விழி மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

பன்னீர்செல்வம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். மைன்ஸில் இருபது வருஷம் கரித்தூசி குடித்த மூக்கு. “ஒண்ணும் வரலியே” என்றான்.

“நெய்வேலியில கரி நெடி வராம மல்லிப்பூ வாசனையா வரும்?” என்று மகள் வெண்மதி சிரித்தாள்.

மலர்விழி சிரிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவள் மூளையில் கட்டி வந்தபோதும் இப்படித்தான் தெரிந்தது. முதலில் இல்லாத நெடி, பிறகு தலைவலி. அறுத்து எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்து அனுப்பினார்கள். இப்போது இரண்டு வாரமாக இரண்டும் திரும்பியிருந்தன.

மகளை குவார்ட்டர்ஸில் விட்டுவிட்டு இருவரும் சென்னைக்குப் போனார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில், பழைய இடத்திலேயே ஒரு வெள்ளைத் திட்டு.

“கட்டி திரும்பியிருந்தாலும் வெள்ளையாத்தான் தெரியும். கதிர்வீச்சுல செத்துப்போன சதையும் வெள்ளையாத்தான் தெரியும்” என்றார் டாக்டர் சத்யா. “இந்தப் படத்தை வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது.”

“எங்க யார்டுல குவிச்ச கரி மாதிரிங்க” என்றான் பன்னீர்செல்வம். “மேல பார்த்தா சும்மா கெடக்கும். யாரும் பத்த வைக்காமலே உள்ள தீஞ்சிகினு இருக்கும். புகை தெரியறதுக்கு முன்னாடியே அந்தக் காத்து ஆளைக் கவுத்துடும்.”

“அதேதான். அதனால உள்ள தீனி போட்டுப் பார்ப்போம். வளர்ற கட்டிக்குப் புரதச் சத்து வேணும். அதுல துளி கதிரியக்கம் சேர்த்து ஊசியில ஏத்துவோம். கட்டின்னா அள்ளித் தின்னும், பெட் ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியும். செத்த சதை அப்படித் தின்னாது.”

“பெட் ஸ்கேனுக்குச் சர்க்கரை ஊசின்னு சொன்னாங்களே?” என்று கேட்டாள் மலர்விழி.

“மூளை முழுக்கவே சர்க்கரை தின்னும்ங்க. டவுன்ஷிப் பூரா லைட் எரியறப்ப, ஒரு வீட்டு லைட்டை மட்டும் எப்படித் தேடுவீங்க?”

ஸ்கேன் முடிந்து, முடிவுக்காகக் காத்திருந்தபோது வெண்மதி போன் செய்தாள். “தலை பொளக்குதும்மா, வாந்தி வர்ற மாதிரி இருக்கு. மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்திட்டுப் படுத்துகினு இருக்கேன். டீக்கடை ஒழுகுதுன்னு சித்தப்பா வேற, ரெண்டு வாரமா நம்ம ஸ்டோர் ரூம்ல கெடக்கிற அவரு கரி மூட்டை பத்தாதுன்னு, இன்னும் எட்டு கொண்டாந்து அடுக்கிட்டாரு.”

“என்னை நெனச்சு நெனச்சே புள்ளைக்கும் தலைவலி வந்துடுச்சு” என்று மலர்விழி கண்ணைத் துடைத்தாள்.

டாக்டர் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். திட்டு இருந்த இடம் மங்கலாகக் கிடந்தது.

“தின்னலீங்க. கட்டி இல்லை, செத்த சதைதான்.”

மலர்விழி விம்மினாள். பன்னீர்செல்வம் கைகூப்பினான். “அப்ப அந்த நெடி, டாக்டர்?”

“செத்த சதையாலும் வரலாம். ஆனா வலிப்பு இருக்கான்னு பார்த்த ஈ.ஈ.ஜி.யில ஒண்ணும் இல்லை. இங்க வந்து நாலு நாள் ஆச்சே, நெடி வந்துச்சா? தலைவலி?”

மலர்விழி யோசித்தாள். “இல்லீங்க. ஒரு தடவைகூட வரல.”

“அப்ப அது உங்க தலைக்குள்ள இல்லைம்மா.”

கூப்பிய கை அப்படியே நின்றது. மறுநொடி பன்னீர்செல்வம் போனை எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கட்டாகும் நேரத்தில் வெண்மதியின் குரல் குழறியது. “என்னப்பா... எழுந்திருக்கவே முடியல...”

“கதவைத் தெறந்துட்டு வெளிய ஓடு பாப்பா! ஸ்டோர் ரூம் மூட்டையில கரி எரிஞ்சிகினு இருக்கு.”