கொம்பையாவின் மிச்ச மாத்திரைகள்

ஈரல் நோய்க்கான புது மருந்துச் சோதனை முடிந்தது. அச்சாகி வந்த ஆய்வறிக்கை, அலமாரியிலிருந்த நோயாளிகளின் ஃபைல்களிடம் பீற்றிக்கொண்டது: "மருந்தைக் கடைசிவரை சாப்பிட்ட அத்தனை பேருக்கும் குணம்!"

"என் கொம்பையாவுக்கு என்ன குணம்?" என்று சீறியது ஒரு ஃபைல். "மூணாவது வாரமே வயிறு வீங்கிச் செத்தாரே!"

"அவரா? பாதியில் நின்றவர். 'வரவில்லை' என்று குறித்தாயிற்று. வராதவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை" என்றது அறிக்கை.

"செத்தவர் எப்படி ஐயா வருவார்? அவர் பெண்சாதி அழுதுகொண்டே வந்து மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தாளே! ஒன்றுவிடாமல் எண்ணி வாங்கினீர்களே! மாத்திரையை எண்ணத் தெரிந்தவர்களுக்கு மனுஷனை எண்ணத் தெரியாதா?"

அறிக்கையைப் படம் பிடிக்க வந்த பத்திரிகைக்காரர்கள், அது சாய்ந்து விழாமல் இருக்க அந்த ஃபைலையே எடுத்து முட்டுக் கொடுத்தார்கள்.