கிருத்திகை மாத்திரை

"இந்தா மோனிஷா, இது உனக்கு. ஜெயம்மா, இது உன் மருமவளுக்கு. இன்னிக்கே ஆரம்பிச்சிடணும். கோயிலுக்குப் போயி வர்ற வரைக்கும் ஒரு வேளை கூட விடக் கூடாது, ஆமா!"

மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்த மாத்திரை அட்டைகளை அம்சா மகளுக்கும் மற்ற பெண்களுக்கும் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டால் திருத்தணியில் பூவுக்கு அடுத்தபடியாக விற்பது இதுதான். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒன்றாக மலை ஏற வேண்டும் என்றால் வேறு என்னதான் செய்வது?

மருமகள் பானுப்ரியாவும் கையை நீட்டினாள்.

"உனக்கு எதுக்குடி? உனக்குத்தான் வர்றதே கெடையாதே!"

நீட்டிய கையைப் பானு மெல்ல மடக்கிக்கொண்டாள்.

பள்ளிப்பட்டிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த தங்கை ஜெயம்மாவுக்கே பொறுக்கவில்லை. "இன்னாக்கா இது? நாலு பேரு எதிர்ல இப்பிடியா பேசுவே?"

"உள்ளதத்தானே சொன்னேன்."

உள்ளதுதான். பானுவுக்கு பி.சி.ஓ.எஸ்., சினைப்பையில் நீர்க்கட்டி. கல்யாணமான நாளிலிருந்தே மாத்திரை போட்டால்தான் வரும். விட்டால் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. உடம்பும் ஏறிக்கொண்டே போக, போன ஐப்பசியில் சென்னையில் எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். இப்போது ஒரு இட்லிக்கே வயிறு நிறைந்துவிடுகிறது. ஆள் பாதியாகிவிட்டாள். டாக்டரம்மா மாத்திரைகளையும் மாற்றிக் கொடுத்தார். பெரிய மாத்திரை போய்ச் சின்னது வந்தது, கூடவே சத்து மாத்திரைகள். மாதவிலக்கை வரவழைக்கும் மாத்திரையை மட்டும் சித்திரையோடு நிறுத்திவிட்டார். "இனிமே தானா வருதான்னு பார்ப்போம்."

பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள். வரவில்லை.

இன்று அவள் கையை நீட்டியதுகூட மாத்திரைக்காக இல்லை. மற்ற பெண்களோடு தன்னையும் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்ளட்டுமே என்றுதான்.

அம்சாவோ சித்திரையிலிருந்து ஒவ்வொரு கிருத்திகைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம். என்ன வேண்டுதல் என்று கேட்டால், "சொன்னா பலிக்காது. நடந்திச்சின்னா காவடி எடுப்பேன், அப்பத் தெரிஞ்சிக்கோங்க" என்பாள். இதைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டுமா? பேரப்பிள்ளைக்குத்தான் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது.

ஆடிக் கிருத்திகை அன்று விடிந்ததும் வாசலில் வேன் வந்து நின்றது. மஞ்சள் புடவையும் தலை நிறையப் பூவுமாக வீடே கிளம்பிக்கொண்டிருந்தது.

குளியலறையிலிருந்து பானு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, வந்திடிச்சிங்க!"

"வேன்தானே? அது அப்பவே வந்திடிச்சே" என்றான் திலீப்.

"ஐயோ, வேன் இல்லீங்க!"

அவன் காதில் சொன்னாள். அவ்வளவுதான், திலீப் குதித்த குதியில் பக்கத்தில் இருந்த பூக்கூடை கவிழ்ந்தது.

"அம்மா! அம்மா, இங்க வாயேன்!"

அம்மாவுக்கு முன்னால் ஜெயம்மா வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அட முருகா! வருஷம் பூரா விட்டுட்டு இன்னிக்குத்தானா வரணும்? அக்கா, எல்லாருக்கும் அட்டை வாங்கினியே, இவளுக்கும் ஒண்ணு குடுத்திருந்தா இந்தத் தொல்லை உண்டா?"

அம்சா அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக மருமகளிடம் வந்தாள்.

"நீயா ஏதாச்சும் மாத்திரை போட்டியா?"

"இல்ல அத்தே."

"எனக்குத் தெரியாம?"

"முருகன் மேல சத்தியமா இல்ல அத்தே."

"அப்ப தானா வந்திச்சா?"

"ஆங், தானா."

அம்சா மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ மலைக்கு வர வேணாம்."

பானுவின் சிரிப்பு அணைந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். திலீப் என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

"டேய், டிரைவர் கிட்ட சொல்லு. அடிவாரத்தில காவடிக் கடையாண்ட வண்டிய நிறுத்தணும். நான் காவடி எடுக்கணும்."



"காவடியா?" ஜெயம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வேண்டிக்கினது நடந்தாத்தானே எடுப்பேன்னே? பேரன்தான் இன்னும் வரலியே!"

"பேரனை யாருடி கேட்டா? ஆபரேஷன் பண்ணி ஒண்ணரை வருஷத்துக்குப் புள்ளப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இவ உடம்பு நேராவணும்னு கேட்டேன். உன் கிருத்திகை அன்னிக்கே ஆனாலும் பரவால்லப்பா, மாத்திரை இல்லாம இவளுக்குத் தானா வரணும்னு கேட்டேன்."

இரண்டு கையாலும் மருமகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

"அக்கா, தீட்டு! கோயிலுக்குக் கெளம்பிட்டுத் தொடறியே!"

"இன்னொரு வாட்டி தலைக்கு ஊத்திக்கினா போச்சு."

பானு அத்தையின் தோளில் சாய்ந்து விசும்பினாள். ஜெயம்மாவுக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை.

"இவ்ளோ பாசத்த வச்சிக்கினு, அன்னிக்கு அவ நீட்டின கையில ஒரு மாத்திரை வைக்க உனக்கு மனசு வரலியேக்கா?"

அம்சா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி தங்கையை முறைத்தாள்.

"வரணும்னு பட்டினி கெடந்துட்டு, வராம இருக்க மாத்திரையும் நானே குடுப்பேனாடி?"