ரயில்வே கேட்டில் நின்ற கார்

“கொன்னது இதுதானா? அதை மட்டும் சொல்லு ஜெயவேலு.”

சாம்பசிவனின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கத்தரிக்காய் விலை கேட்பவன்கூட இன்னும் கொஞ்சம் உயிரோடு கேட்பான்.

மெக்கானிக் ஜெயவேலு திடுக்கிட்டு நிமிர்ந்தான். சாம்பசிவனின் விரல் காட்டியது, பானெட்டைத் திறந்து வைத்த மோரிஸ் மைனர் காரை.

“இன்னா சார் பேச்சு இது? நிக்கிற வண்டி போயி ஆளைக் கொல்லுமா?”

கொல்லும் என்றுதான் சாம்பசிவன் நம்பிக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு நெஞ்சுவலி கண்ட அன்று, பின்சீட்டில் அம்மாவின் மடியில் அவரைப் படுக்க வைத்துக்கொண்டு சேலையூரிலிருந்து பறந்தான். தாம்பரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் பழக்கத்தில் கை தானாக எஞ்சினை அணைத்தது.

ரயில் போய், கேட் திறந்து, பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்து அழுத்தியும் வண்டி கிளம்பவில்லை. பேட்டரி செத்திருந்தது. வழியில் போனவர்கள் தள்ளிக் கிளப்பி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் சொன்னது ஒரே வாக்கியம். “லேட்டா கொண்டு வந்திருக்கீங்களே.”

‘பேட்டரிய மாத்து சார்’ என்று ஜெயவேலு பொங்கலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். ஆகட்டும், ஆகட்டும் என்று தள்ளிப்போட்டவன் சாம்பசிவன்.

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வரும் வழியிலேயே புது பேட்டரி ஒன்று வாங்கினான். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்கும் தெரியாது. அழுகை மட்டும் இன்றுவரை வரவில்லை.

ஆனால் வண்டி வீட்டு ஷெட்டில் நிற்கும்போதே அந்தப் புது பேட்டரியும் செத்தது. சார்ஜ் ஏற்றி மாட்டினால் மறுபடியும் செத்தது. மரத்துப் போயிருந்த அவன் மூளையில் ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்தது. புதுசே சாகிறதென்றால் கோளாறு வண்டியில்தானே? அப்படியானால் அப்பாவைக் கொன்றது தன் சோம்பேறித்தனம் இல்லையே? அதை ஜெயவேலு வாயால் கேட்டுவிட வேண்டும்.

“பெட்ரோல் குடிக்கிற வண்டி பாத்துகீறேன். நின்ன எடத்துலயே கரண்ட்டு குடிக்கிற வண்டிய இப்பத்தான் சார் பாக்குறேன்.” ஜெயவேலு மறுபடி சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்திருந்த பேட்டரியின் ஆசிட்டைப் பார்த்தான். “இதுல ஒரு கொறையும் இல்ல.”

ஒயரை எடுத்து பேட்டரி முனையில் லேசாகத் தொட்டான். படக்கென்று ஒரு பொறி.

“பாத்தியா சார்? சாவி உங்கைல கீது. வண்டி தூங்கிக்கினு கீது. ஆனா கரண்ட்டு எங்கியோ போய்க்கினே கீது.”

வீட்டுக்குள்ளிருந்து, படப்பையிலிருந்து வந்திருந்த சித்தியின் குரல் ஷெட் வரைக்கும் கேட்டது. “உசுரு போன எடத்துல காரியம் வரைக்கும் விளக்கு எரியணும்க்கா. வழியில போன உசுருக்கு எங்கேன்னு வைக்கிறது?”

“நான் பார்த்துக்கிட்டேன். விடு.” அம்மா தையல்நாயகியின் குரல் அதோடு நின்றது.

ஜெயவேலு ஒயரை இறுக்கி மாட்டிவிட்டு, வண்டியின் பின்பாதியை மூடியிருந்த காக்கி உறையைச் சுருட்டி இழுத்தான். “அட, உள்ள லைட்டு எரியுது சார்!”

கூரையில் இருந்த குட்டி பல்பு, பின்சீட்டின் மேல் மஞ்சளாக வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. அதை அணைத்தான். ஒயரைக் கழற்றி மறுபடி தொட்டுப் பார்த்தான். பொறி இல்லை.

“அவ்ளோதான். யாரோ போட்டுட்டு அணைக்காம வுட்டுகீறாங்க. ராவும் பகலும் எரிஞ்சா எந்த பேட்டரி சார் தாங்கும்? வண்டி மேல தப்பே இல்ல.”

“அப்போ... அன்னிக்கு செத்த பழைய பேட்டரி?”

ஜெயவேலு தலையைச் சொறிந்தான். “அது வயசாகிப் பூட்டுது சார். நான்தான் அப்பவே சொன்னேனே.”

சாம்பசிவன் தலையாட்டினான். தீர்ப்பு வந்துவிட்டது. வலிக்கும் என்று நினைத்தான், வலிக்கவில்லை. ஒன்றுமே இல்லை.

அதற்குள் ஷெட்டுக்கு வந்திருந்தாள் அம்மா. யாரையும் பார்க்கவில்லை. கார்க் கதவைத் திறந்து, கையை நீட்டி, அணைத்த விளக்கை மறுபடி போட்டாள்.

“அம்மா! நீயா? அதைப் போடாதம்மா. பேட்டரி போயிடும்.”

“போனா போகட்டும். பெட்ரோல் வண்டிக்குள்ள எண்ணெய் விளக்கு ஏத்த முடியுமா?”

ஜெயவேலு சத்தமில்லாமல் வெளியே நகர்ந்தான். சாம்பசிவன் அந்தப் பின்சீட்டையே பார்த்தான். இத்தனை நாள் தொண்டைக்குள் கிடந்தது தானாக வெளியே வந்தது.

“அப்போ, கேட்டுல வண்டி நின்னப்பதானே அப்பா போனார்? நான் பேட்டரிய மாத்தியிருந்தா பொழைச்சிருப்பார். நான்தானேம்மா கொன்னுட்டேன்?”

அம்மா அவன் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். “இதையா இத்தனை நாளா மனசுல போட்டு வச்சிருந்தே?”

“சொல்லும்மா.”

“அப்பாவைக் காப்பாத்திடலாம்னு நீ அந்த ஓட்டு ஓட்டினே. எப்படிடா சொல்றதுன்னு எனக்கு வாயே வரலை.”

“எதை?”

“வண்டி இந்த ஷெட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே போயிட்டார் தம்பி.”