மஞ்சள் கோடு

“படுக்கைப் பலகையைப் பாதியா அறுத்துடுங்க. இனிமே ஒரு ஆள்தானே.”

ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி அந்த அம்மாள் சொன்னாள். ஃபிட்டர் தலையாட்டினான். அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக டேப்பை இழுத்து, ஏற்கெனவே அளந்த பலகையையே இன்னொரு தடவை அளந்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ஜீப்பைக் காடு, மலை என்று மாதக்கணக்கில் சுற்றி வருவதற்கு அவன்தான் தயார் செய்து கொடுத்தான். உள்ளே படுக்கை, தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது பேட்டரி, கூரைமேல் மடக்குக் கூடாரம், குளிருக்கு ஒரு டீசல் ஹீட்டர். கிளம்பிய ஐந்தாம் நாள், ஒரு மலை உச்சியில், வண்டிக்குள் தூங்கிய அவள் புருஷன் எழுந்திருக்கவே இல்லை. ஹீட்டரின் புகைக்குழாய் கழன்று விஷப்புகை உள்ளே நிறைந்திருந்தது.

அவள் கூரைமேல் கூடாரத்தில் படுத்திருந்ததால் பிழைத்தாள். “புருஷன் விட்ட குறட்டைல பொண்டாட்டி தப்பிச்சா” என்று பட்டறை வெல்டர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். மோசமான பாதையில் குலுங்கிக் குலுங்கிக் குழாய் கழன்றிருக்கும், விபத்து என்று எழுதிப் போலீஸ் ஃபைலை மூடிவிட்டது.

ஃபிட்டருக்கு மட்டும் அது மூடவில்லை.

எதை இறுக்கினாலும் அதன்மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடுவது அவன் வழக்கம். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று பொருள். ஹீட்டரின் புகைக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்பை மாட்டியது நினைவிருக்கிறது. அந்த நேரம் பார்த்து முதலாளி கூப்பிட்டார், எழுந்து போனான். திரும்பி வந்து இறுக்கினானா, கோடு போட்டானா? எத்தனை தடவை யோசித்தாலும் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அன்றிலிருந்து அவன் எதை இறுக்கினாலும் இறுக்கிய திருப்தி வரவில்லை. வீட்டுக் குழாய், காஸ் ரெகுலேட்டர், மருந்து பாட்டில் மூடி எல்லாம் அவன் கை பட்டால் பிறகு யாராலும் திறக்க முடியாது. “இந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கணும்னாலும் ஸ்பேனர் வேணும்” என்று அவன் மனைவி பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கண்ணை மூடினால் செத்தவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவார். திட்ட மாட்டார், பேச மாட்டார். மூச்சு வருகிறதா என்று இழுத்து இழுத்துப் பார்ப்பார்.

“ஹீட்டர்...” என்று ஃபிட்டர் இழுத்தான்.

“அது வேண்டாம். கூட ஒரு கம்பளி எடுத்துக்கறேன்.”

நான்கு நாள் வேலை. தினமும் அவள் வந்து பக்கத்திலேயே நின்றாள். போன தடவையும் அப்படித்தான். ஹீட்டர் பெட்டிக்குள் டார்ச் அடித்து, இது எங்கே போகிறது, அது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். “உனக்கு எதுக்குடி அதெல்லாம்? வாயை மூடிக்கிட்டு வண்டியில ஏறு” என்று புருஷன் எல்லார் முன்னாலும் கத்தினார். பட்டறையே வேறு பக்கம் பார்த்தது. அவள் ஏறிவிட்டாள்.

இந்தத் தடவை அதட்ட ஆளில்லை. மணலில் புதைந்தால் டயரில் எவ்வளவு காற்றை இறக்க வேண்டும், கயிறு போட்டு வண்டியை எப்படி இழுக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

“பொறுமையாச் சொல்லித் தர்றீங்க, ஃபிட்டர். உங்க வேலையை நம்பித்தான் தனியாக் கிளம்பறேன்.”

அவன் குனிந்து, ஏற்கெனவே இறுக்கிய நட்டையே இன்னொரு தடவை இறுக்கினான்.

ஐந்தாம் நாள் மதியம் அவள் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். ஃபிட்டர் கதவைச் சாத்தவில்லை. பிடித்துக்கொண்டே நின்றான்.

“என்ன, இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?”

“உங்க வீட்டுக்காரர் செத்தது விபத்து இல்லம்மா. நான்தான் காரணம்.”

அவள் கை ஸ்டீயரிங்மேல் அப்படியே நின்றது.

“அந்தக் கிளாம்ப்பை நான் இறுக்கவே இல்லை. மாட்டிட்டுப் பாதியில எழுந்து போயிட்டேன்.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“இறுக்கினதா ஞாபகம் இல்லை. அப்ப இறுக்கலைன்னுதானேம்மா அர்த்தம்? தூங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. இனிமே முடியாது. நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்குப் போய் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடறேன்.”

“வீட்டுல யார் யார் இருக்காங்க?”

“பொண்டாட்டி. ரெண்டு பொண்ணுங்க.”

அவள் இன்ஜினை நிறுத்தினாள். வெல்டர் சாப்பிடப் போயிருந்தான். முதலாளி அறைக் கதவு சாத்தியிருந்தது. அதையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, கிட்டே வா என்று கையசைத்தாள். கன்னத்தில் அறைதான் விழப் போகிறது என்று அவன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தான்.

“நீங்க நல்லாத்தான் இறுக்கியிருந்தீங்க, ஃபிட்டர். கழட்ட எனக்குத்தான் அரை மணி நேரம் ஆச்சு.”